நிலாவெளியில் பத்து அறை ஹோட்டல்: பாவா பாணி அங்கே சரிவருமா?

#1 நிலாவெளியான்

வணக்கம். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் எங்கள் அப்பா வழிக் காணி ஒன்று சும்மா கிடக்கிறது. வீதிக்கும் கடலுக்கும் நடுவே மணல் தரை, பனையும் தென்னையும் கலந்து நிற்கும். அண்ணாவும் நானும் அதில் பத்து அறைகளோடு சின்னதாக ஒரு பூட்டிக் ஹோட்டல் கட்டலாம் என்று இறங்கியிருக்கிறோம்.

கொழும்பில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பேசினோம். அவர் அனுப்பிய படங்கள் எல்லாமே தெற்குக் கரைப் படங்கள். சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை, சுவரே இல்லாத வரவேற்பு மண்டபம், நடுவில் தண்ணீர் முற்றம், ஓரத்தில் ஓர் ஈழத்தலரி மரம். அடியில் 'ஜெஃப்ரி பாவா பாணி' என்று ஒரே ஒரு வரி. (தெரியாதவர்களுக்கு: பாவா இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்.) பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். எங்கள் பக்கம் வெளிநாட்டுக்காரர் வரும் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. அதே காலத்தில்தான் கச்சான் என்ற சூட்டுக் காற்றும் அடிக்கும். அந்தச் சூட்டில் சுவர் இல்லாத மண்டபத்தில் யார் உட்காருவார்கள்? இந்தப் பாணி உண்மையிலேயே வெக்கைக்காகக் கட்டியதா, படம் எடுக்கக் கட்டியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஊர்சுற்றி

கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் சார். தம்புள்ளைக்குப் பக்கத்தில் பாவா கட்டிய கண்டலம ஹோட்டலில் தங்கியிருக்கிறேன். காரை விட்டு இறங்கினால் ஹோட்டல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பெரிய கூரைக்கு அடியில் குகை மாதிரி ஒரு வாசல், அப்புறம் பாறையை ஒட்டி வளைந்து போகும் நடை. அதைத் தாண்டியதும் முன்னால் கண்டலமக் குளம், தூரத்தில் சிகிரியா. ஏசியே இல்லாமல் சில்லென்று இருந்தது. உலகத்தில் இன்ஃபினிட்டி நீச்சல் குளத்தைக் கண்டுபிடித்தவரே பாவாதான் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார்.

#3 கறள்கம்பி

ஊர்சுற்றி, உங்கள் அறையில் ஏசி ஓடியிருக்கும், நீங்கள்தான் கவனித்திருக்க மாட்டீர்கள். கண்டலமவில் 152 அறைகள். அறைகளுக்குக் குளிரூட்டி உண்டு. குளிரூட்டாமல் விட்டது வரவேற்பையும் நடைகளையும் படிக்கட்டுகளையும்தான். அந்தக் கட்டடம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அத்தனை நீள நடைக்கும் கண்ணாடி போட்டுக் குளிரூட்டியிருந்தால் மின்கட்டணத்திலேயே ஹோட்டல் மூழ்கியிருக்கும்.

நான் கரையோர ஹோட்டல்களில் பராமரிப்புப் பொறியியலாளனாக வேலை பார்ப்பவன், அதனால் அழகைப் பற்றிப் பேச மாட்டேன். எங்கள் கணக்கில் பாவா செய்த பெரிய காரியம் ஒன்றுதான். விருந்தாளி அறைக்குள் தூங்குகிறார், மற்ற நேரமெல்லாம் வெளியே நடக்கிறார், சாய்ந்து நிற்கிறார், சாப்பிடுகிறார். அந்த வெளியை நிழலாலும் காற்றாலும் சமாளித்துவிட்டால், குளிரூட்ட வேண்டியது தூங்கும் அறையை மட்டும்தான். பத்து அறை ஹோட்டலுக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பெரிய மண்டபம் ஒன்றைக் குளிரூட்டி அந்தச் செலவைப் பத்தே அறைகளின் வாடகையில் தேட முடியாது.

நீச்சல் குளக் கதை வழிகாட்டிகள் சொல்வது. அஹுங்கல்லவில் 1981-இல் முடித்த டிரைட்டன் ஹோட்டலில் வாசலில் நின்றால் தரை, குளம், கடல் மூன்றும் ஒரே மட்டத்தில் ஓடுவது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பிறந்த பேச்சு. விளிம்பில் வழியும் தண்ணீர் அதற்கு முன்பே உலகத்தில் இருந்தது.

#4 தாழ்வாரம்

மதுரையிலிருந்து எழுதுகிறேன், கட்டடக் கலைஞர். நிலாவெளியான், உங்கள் ஆளிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பாவா?"

1967 முதல் 1969 வரை கட்டிய பென்டோட்டா பீச் ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே பழைய கோட்டை இருந்த மேடு. கீழே கரடுமுரடான கருங்கல் அடித்தளம், இருட்டான வாசல். படியேறினால் தலைக்கு மேலே துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவின் பத்திக் சாயத் துணி விதானம், அப்புறம் முற்றமும் தடாகமும். அந்த வரவேற்பு மண்டபம் திறப்பது உள்முற்றத்துக்கு, கடலுக்கு அல்ல. படத்தில் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை அங்கே கடலிலிருந்து நேராக வந்து அறையும். கடலைப் பார்த்து மண்டபத்தைத் திறந்து வைத்தால் மே மாதம் நாற்காலிகளை எல்லாம் உள்ளே தூக்க வேண்டியதுதான். கட்டடமே தன் உடம்பால் மழையை மறித்து, உள்ளே ஓர் அமைதியான வெளியை உண்டாக்குகிறது.

இப்போது கண்டலமவைப் பாருங்கள். 1991-இல் தொடங்கி 1994-இல் முடிந்தது. உலர் வலயம், பாறை, குளம். அங்கே ஓட்டுக் கூரையே இல்லை! தட்டைக் கூரை, அதன் மேல் மண்ணும் செடியும். முகப்பெங்கும் மரச் சட்டங்கள், அவற்றில் கொடி ஏறிக் கட்டடத்தையே மூடிவிட்டது. தூண்களின் மேல் நிற்பதால் மலையிலிருந்து வரும் மழைத்தண்ணீர் கட்டடத்துக்கு அடியில் ஓடிக் குளத்தில் சேரும். பாவாவுக்கு முதலில் காட்டிய இடம் சிகிரியாவின் அடிவாரம். அதை வேண்டாம் என்று சொல்லி, சிகிரியா தூரத்தில் தெரியும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த சில வருடங்களிலேயே காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டல், 1995–97. அது அலை மோதும் பாறை முனை. மறுபடியும் கல் மேடை, மறுபடியும் ஓடு. உள்ளே வட்டப் படிக்கட்டில் சிற்பி லக்கி சேனாநாயக்க செய்த உலோகப் படைவீரர்கள் மேலேறிக்கொண்டே போவார்கள், 1630-இல் போர்த்துக்கேயருக்கும் கண்டிப் படைக்கும் நடந்த ரந்தெனிவெலச் சண்டை. ஒரே ஆள், பத்தாண்டுகூட இடைவெளி இல்லை, இரண்டு கட்டடத்துக்கும் கூரையே வேறு. இதில் எதைப் 'பாணி' என்று பெயரிட்டு நிலாவெளிக்குக் கொண்டுபோவது?

பென்டோட்டாவின் கூரையை அப்படியே கேட்டால் நீங்கள் வாங்கப்போவது பென்டோட்டாவின் மழைக்கான விடையை. உங்கள் காணிக்கு வேறு கேள்வி.

#5 முற்றவெளி

எல்லோரும் பாவா பஜனை பாடுவதற்குள் நானும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

ஒன்று, 'உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கைவினை' என்பது ஏதோ ஞானோதயம் இல்லை. 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. கண்ணாடி, இரும்பு, பொருத்துகள் எதையும் நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. மரமும் களிமண்ணும் கைத்தறியும்தான் கையில் இருந்தது. அதே காலத்தில்தான் அரசு சுற்றுலாச் சபையை அமைத்து, டாலருக்காக பென்டோட்டாவைச் சுற்றுலா ஊராக்கியது. இல்லாமையிலிருந்து வந்ததை இன்று விலை உயர்ந்த எளிமை என்று விற்கிறார்கள்.

இரண்டு, வெப்பநாட்டு நவீனக் கட்டடக்கலை பாவாவோடு தொடங்கவில்லை. அவர் லண்டனில் படித்துத் தேறியது 1957-இல், 38 வயதில், அதற்கு முன் வழக்கறிஞர். கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டத் தொடங்கியது 1949-இல். உள்ளூர்க் கைவினையையும் நவீன அமைப்பையும் சேர்ப்பது பற்றி எழுதியும் வைத்தார். அவரை எத்தனை ஹோட்டல் விளம்பரம் சொல்கிறது? டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னர் 1960களில் பாவாவோடு சேர்ந்து வரைந்தார். அவர் போன பிறகு பல பத்தாண்டுகள் பங்காளியாக நின்றவர் பொறியியலாளர் பூலோகசுந்தரம். பென்டோட்டாவும் கோட்டே நாடாளுமன்றமும் எழுந்து நிற்பதில் அவருடைய கணக்கு இருக்கிறது. நம் ஆட்களே அவர் பெயரைச் சொல்வதில்லை.

மூன்று, கண்டலம கட்டும்போது பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் பெரிய போராட்டமே நடத்தினார்கள். குளம் கெட்டுவிடும், தம்புள்ளை விகாரைக்கு அருகே உல்லாச விடுதியா என்று. பிறகு 2000-இல் அதற்கே லீட் பசுமைச் சான்று கிடைத்தது என்பதால் கேட்டதெல்லாம் தப்பான கேள்வி என்று ஆகிவிடாது.

#6 தாழ்வாரம்

முற்றவெளி, முதல் இரண்டையும் மறுக்கவில்லை. பூலோகசுந்தரம் பற்றிச் சொன்னதற்குத் தனி நன்றி. எங்கள் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள்.

ஆனால் தட்டுப்பாடு எல்லோருக்கும்தான் இருந்தது, எல்லோரும் பென்டோட்டா கட்டிவிடவில்லையே. கூரையையே எடுத்துக்கொள்வோம். அரைவட்ட நாட்டு ஓடு மட்டும் போட்டால் செங்குத்தாகச் சரிவு வேண்டும், இல்லையென்றால் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியில் ஏறும். பாவாவின் அலுவலகம் 1960களில் வளைவு வளைவான ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டைக் கீழே போட்டு, அதன் பள்ளங்களில் ஓட்டை உட்கார வைத்தது. தண்ணீரைத் தடுப்பது ஷீட், வெயிலைத் தாங்குவது ஓடு, நடுவில் கொஞ்சம் காற்று. இதனால் சரிவைக் குறைத்து, கூரையை அகலமாகத் தாழ இறக்க முடிந்தது. நாம் மயங்கும் அந்த நீண்ட தாழ்ந்த கூரைக்கு அடியில் ஒரு மலிவான தொழிற்சாலைத் தகடு ஒளிந்திருக்கிறது. எனக்கு அவரைப் பிடிப்பது இந்த மாதிரிக் குறும்புக்காகத்தான்.

(நிலாவெளியான், இன்று ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். வெட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. அது கலக்காத ஃபைபர் சிமெண்ட் தகடு கிடைக்கும்.)

#7 நிலாவெளியான்

நன்றி. 'எந்தப் பாவா' என்ற கேள்வியை அப்படியே அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

கச்சான் பற்றி இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும்போது வெறும் சூடும் வறட்சியுமாக வரும். மேற்கே, நிலப் பக்கமிருந்து வீசும். உதடு வெடிக்கும், மரக் கதவு சுருங்கி இடைவெளி விடும். மழை வருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடைக்காலத்தில். அது கடல் பக்கமிருந்து வரும். அப்போது விருந்தாளி குறைவு.

#8 கறள்கம்பி

இதைத்தான் எதிர்பார்த்தேன். தம்பி, உங்கள் கேள்விக்கான விடை பாதி உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

பென்டோட்டாவில் காற்று, மழை, காட்சி மூன்றும் ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன, கடலிலிருந்து. உங்களுக்கு அப்படியில்லை. காட்சி கிழக்கே, மழை கிழக்கே, சூட்டுக் காற்று மேற்கே. பின்னேர வெயிலும் மேற்கே. அதனால் நிலாவெளியில் கட்டடத்தின் முதுகுதான் முக்கியம். தெற்குக் கரையில் எல்லோரும் கடல் முகப்பை வரைந்துவிட்டு வீதிப் பக்கத்தை மறந்துவிடுவார்கள். நீங்கள் வீதிப் பக்கத்தை முதலில் வரைய வேண்டும்.

நான் செய்வதாக இருந்தால், அறைகளை ஒரே வரிசையில் கடலைப் பார்த்து வைப்பேன். பின்னால் மேற்கே அகலமான விறாந்தை, அதற்கு வெளியே கனத்த சுவர், மேற்பகுதியில் மட்டும் மூடித் திறக்கும் மரச் சட்டக் கதவுகள். கச்சான் அடிக்கும் பகலில் மூடலாம், இரவில் திறக்கலாம். அந்த விறாந்தை சூட்டை வாங்கிக்கொள்ளும், அறைச் சுவருக்கு அது போய்ச் சேராது. உலர் வலயத்தில் பகலுக்கும் இரவுக்கும் சூடு கொஞ்சமாவது வேறுபடும், அதனால் கனத்த சுவருக்கு அர்த்தம் உண்டு. கொழும்பில் இதே சுவர் இரவெல்லாம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

வாசலை நேராகக் கடலைக் காட்டித் திறக்காதீர்கள். வீதியிலிருந்து நுழைந்ததும் ஒரு திருப்பம், ஒரு சுவர், பிறகு மண்டபம். கண்டலமவின் குகை வாசல் நாடகத்துக்காகத்தான், ஆனால் உங்களுக்கு அதே திருப்பம் கச்சானையும் மணலையும் வாசலிலேயே நிறுத்தும். சமையலறை, களஞ்சியம், ஊழியர் அறை எல்லாவற்றையும் மேற்கே வரிசையாகப் போட்டால் அதுவே காற்றுக்கு மதில்.

#9 ஊர்சுற்றி

பொறியியலாளர் சார், ஒரு நிமிடம். சமையலறையை மேற்கே போட்டு, காற்றும் மேற்கிலிருந்து வந்தால், மீன் பொரிக்கும் வாசனை நேராக மண்டபத்துக்குத்தானே வரும்? அதுவும் சீசன் நேரத்தில்!

#10 கறள்கம்பி

நல்ல கேள்வி. அப்படியானால் மேற்கு வரிசையில் களஞ்சியம், துணி துவைக்கும் இடம், ஊழியர் அறை, மின்பிறப்பாக்கி. சமையலறை வடக்கு மூலையில், சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டில். வாடைக்காலத்தில் வாசனை உள்ளே வரும், ஆனால் அப்போது பாதி அறைகள் சும்மா இருக்கும். மின்பிறப்பாக்கியின் புகைக்குழாயைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும், அதையும் காற்று உள்ளேதான் தள்ளும்.

#11 முற்றவெளி

இதெல்லாம் சரி, புயல்? கிழக்கில் 1978 நவம்பரில் மட்டக்களப்பில் நடந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசெம்பரில் புரெவி கரையேறியது திருகோணமலைக்கு வடக்கேதான், உங்கள் காணியிலிருந்து அதிக தூரம் இல்லை. தெற்குக் கரை ஹோட்டல்களுக்கு இந்தப் பயம் குறைவு. அகலத் தாழ்வாரத்துக்கு அடியில் காற்று புகுந்தால் கூரையைக் குடை மாதிரி தூக்கிவிடாதா?

#12 கறள்கம்பி

தூக்கும். சுவர் இல்லாத மண்டபம் என்றால் இன்னும் மோசம், கீழிருந்து தள்ளுவதும் மேலிருந்து இழுப்பதும் சேரும். அதற்காகத் தாழ்வாரத்தைக் குறுக்க வேண்டியதில்லை. கூரைச் சட்டத்திலிருந்து தூண் வழியாக அத்திவாரம் வரைக்கும் இறுக்கமான தொடர்ச்சி இருக்க வேண்டும். நம் ஆட்கள் மரக் கைமரத்தைத் தூணின் மேல் சும்மா உட்கார வைத்து ஓர் ஆணி அடிப்பார்கள். கூரையின் பாரமே போதும் என்ற நம்பிக்கை. ஓட்டுப் பாரம் சாதாரண நாளுக்குத்தான் போதும். விளிம்பில் இருக்கும் இரண்டு மூன்று வரிசை ஓட்டைக் கம்பியாலோ திருகாணியாலோ கட்ட வேண்டும், முதலில் பறப்பவை அவைதான்.

மண்டபக் கூரையையும் அறைக் கூரையையும் ஒன்றாக இணைக்காமல் தனித்தனியாக வைத்தால், ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

இரும்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், என் பெயரே அதுதானே. கடலோரத்தில் தூண் வெடிப்பதற்குக் காரணம் கம்பிக்கு மேல் சீமெந்துப் படை மெல்லியதாக இருப்பதும், உப்பு மணலில் கொங்கிரீட் கலப்பதும். கம்பி கறள் பிடித்து வீங்கும், வீங்கினால் கொங்கிரீட் பிளக்கும். கடற்கரை மணலைக் கலவைக்கு எடுக்கவே கூடாது, அது இலவசமாகக் காலடியில் கிடந்தாலும். கிணற்றுத் தண்ணீரையும் உப்புக்குச் சோதியுங்கள். கைபிடி, கீல், திருகு எல்லாம் பித்தளை அல்லது 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 என்று கடைக்காரர் தருவது உங்கள் கரையில் ஒரு சீசனிலேயே பழுப்புக் கறை காட்டும்.

#13 தாழ்வாரம்

கறள்கம்பி சொன்ன கூரைப் பிரிப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. பத்து அறைக்கு ஒரே பெரிய கட்டடம் எதற்கு? சின்னச் சின்னக் கூரைகள், நடுவே பனைமரங்கள். பனையை வெட்டாமல் அதற்கு நடுவே அறைகளை நுழைத்தால் நிழலும் கிடைக்கும், காற்றும் உடையும்.

பூட்டிக் என்று வந்ததால் லுனுகங்கவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்டலம எல்லாம் பெரிய ஹோட்டல். உங்கள் அளவுக்கு நெருக்கமானது பென்டோட்டாவுக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் பாவா தனக்காகவே வைத்திருந்த தோட்டம். 1948-இல் வாங்கிய ரப்பர்த் தோட்டம் அது, ஏறக்குறைய ஐம்பது வருடம் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகளோடு தங்குமிடமாக நடக்கிறது. வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் புல்வெளி சரிந்து ஏறும், கறுவா மேடு, அதில் மரத்தடியில் ஒரு பெரிய சீனச் சாடி, அதற்கும் அப்பால் தூரத்தில் கடகுலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். நடுவில் ஊர்க்காரர்கள் நடக்கும் பொதுப்பாதை ஒன்று குறுக்கே போகிறது, ஆனால் அது பள்ளத்தில் இறங்கி ஒளிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஈழத்தலரிக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, விரும்பிய பக்கம் வளைத்தார். அங்கே கட்டடத்துக்குச் செலவழித்ததைவிட, எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்பதற்குச் செலவழித்த காலம் அதிகம்.

அங்கேதான் ஏனா டி சில்வாவின் கொழும்பு வீடும் இப்போது நிற்கிறது. 1960–62-இல் பாவா கட்டியது. நகரத்தின் நெருக்கமான மனையில், வெளியே மதில், உள்ளே முற்றங்கள். 2009 வாக்கில் அந்த மனை விற்கப்பட்டபோது இடித்துத் தள்ளாமல், கல், தூண், கதவு, ஓடு என்று எண் போட்டுக் கழற்றி லுனுகங்கவுக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். அதிலும் தங்கலாம். நகர மனைக்காக உள்நோக்கித் திரும்பிய வீடு, இப்போது விசாலமான தோட்டத்தில் நிற்கிறது. இடத்தைப் பார்த்துக் கட்டு என்று வாழ்நாள் முழுதும் செய்தவரின் வீட்டையே இடம் மாற்றியது சரியா என்று எங்கள் அலுவலகத்தில் சண்டை நடக்கும். எனக்கு என்னவோ, இடிந்துபோவதைவிட இது மேல்.

#14 முற்றவெளி

மதுரைக்காரர் மதுரையைச் சொல்லவில்லையே?

#15 தாழ்வாரம்

சொந்த ஊரைப் புகழ வேண்டாம் என்று விட்டேன். கோச்சடையில் ஹெரிடன்ஸ் மதுரை என்ற பெயரில் நடந்த ஹோட்டல், மதுரா கோட்ஸ் ஆலையின் கிளப்பாக 1970களில் பாவா வடிவமைத்த இடம். இலங்கைக்காரர்களுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. கடல் இல்லை, ஏரி இல்லை, மலைக்காட்சி இல்லை, பார்க்க எதுவுமே இல்லாத ஓர் ஆலை வளாகம். அதனால் பெரிய மரங்களையே காட்சியாக்கி, செங்கல், கருங்கல், ஓடு என்று தாழ்வாகக் கட்டினார். மதுரை வெயிலில் அந்தக் கருங்கல் தூண்களுக்கு நடுவே நிழலில் உட்கார்ந்தால், நிலாவெளியான், உங்கள் கச்சானுக்கு ஓரளவு பதில் கிடைக்கும். உலர்ந்த சூட்டுக்கு ஆழமான நிழல் தேவை. சும்மா திறந்துவிட்டால் அனல்தான் உள்ளே வரும். கொழும்பில் அவருடைய சொந்த வீட்டின் சின்ன முற்றத்திலேயே செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன, கடலுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் எடுத்துக்கொண்டதும் உண்டு.

#16 மட்டுறுத்துநர்

குறிப்பிட்ட கட்டடக் கலைஞர்களின் கட்டண விவரம் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதைத் தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள். மற்றபடி தொடருங்கள்.

#17 நிலாவெளியான்

கட்டடக் கலைஞர் பதில் போட்டார். 'லுனுகங்க மாதிரி' என்கிறார் இப்போது! பரவாயில்லை, காற்றுத் திசை குறித்த தளப்படம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அண்ணாவுக்கு மேற்குச் சுவர் யோசனை பிடித்துவிட்டது, மண்டபத்தைத் திறந்து வைப்பதில்தான் இன்னும் தயக்கம். நுளம்பு, மணல், மெத்தை இருக்கை எல்லாம் யார் பார்ப்பது என்கிறார்.

இன்னொன்று. கடலிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும்? சுனாமிக்குப் பிறகு 200 மீட்டர் என்று அப்பா சொல்லுவார்.

#18 கறள்கம்பி

2004-க்குப் பிறகு வடக்கு, கிழக்கில் 200 மீட்டர், தெற்கு, மேற்கில் 100 மீட்டர் என்று அறிவித்தது உண்மை. பிறகு தளர்த்திவிட்டார்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டினாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உங்கள் துண்டுக்கு எத்தனை மீட்டர் என்பதைத் திணைக்களத்திடமே எழுத்தில் வாங்குங்கள், தரகர் வாயால் வேண்டாம். படம் வரைவதற்கு முன்பே வாங்குங்கள்.

விதி எதுவானாலும் நிலாவெளியில் அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கடலுக்கு நேரே நீளமான குறுக்குச் சுவர் வேண்டாம். சுவர்களைக் கடலிலிருந்து வீதிக்கு ஓடும் திசையில் வைத்து, தரையைத் தூண்களில் உயர்த்தினால் தண்ணீருக்கு வழி கிடைக்கும். அறைகளுக்குப் பின்னால் சொன்ன கனத்த சுவரையும் துண்டு துண்டாக, இடைவெளி விட்டு அடுக்குங்கள். வீதிக்கு ஓடும் வழி எந்த அறையிலிருந்தும் நேராகத் தெரிய வேண்டும்.

அண்ணாவுக்கு: திறந்த மண்டபத்தை நடத்துவதற்கு ஆள் வேண்டும், அதை மறைக்கக் கூடாது. கூட்டுவதும் துடைப்பதும் நாளுக்குப் பல தடவை. மெத்தை இருக்கை போடாதீர்கள், சீமெந்துத் திண்ணையும் பாயும் போதும், மெத்தையைப் பின்னேரம் மட்டும் விரிக்கலாம். மின்விசிறி ஓடினால் நுளம்பு பாதி குறையும். கண்டலமவில் குரங்குக்காக யன்னலைப் பூட்டச் சொல்லி எச்சரிப்பார்கள், உங்களுக்குக் காகம். சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் வலை அடிக்கலாம்.

#19 ஊர்சுற்றி

வாடகை எவ்வளவு வைப்பதாக யோசனை? முன்பதிவுக்கு நான் தயார்.

#20 நிலாவெளியான்

அத்திவாரமே போடவில்லை அண்ணா! கடைசியாக ஒன்று: அந்த அரைவட்டப் பீலி ஓடு எங்கே வாங்குவது? புதுசா, பழசா?

#21 கறள்கம்பி

புதுசு வேண்டுமென்றால் தங்கொட்டுவ, வைக்கால் பக்கம் ஓட்டுச் சூளைகள் இருக்கின்றன. பழைய வீடு இடிப்பவர்களிடம் வாங்கினால் நிறம் நன்றாக இருக்கும், ஆனால் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராது, தகட்டின் பள்ளத்தில் உட்காராது. அதனால் தகட்டையும் ஓட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கையில் எடுத்துத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மொக்கையாகக் கேட்டால் வேகாத ஓடு, தண்ணீர் குடிக்கும். லொறியில் உடைவதற்குச் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். மீந்ததை எறிய வேண்டாம், தென்னைக்குக் கீழே கூரை போட்டால் எப்படியும் தேவைப்படும்.